கல்லூரி ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது

(சிங்காநல்லூரில் பள்ளி மாணவர்கள், பெற்றோர், மாலைநேரப் படிப்பகத் தோழர்கள் கலந்துகொண்ட உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். பின்னால் உங்கள் அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். சுவரோரமாக நிற்பவர்கள் இந்தப் படிப்பகத்தை நடத்தும் கல்லூரித் தோழர்கள். மூன்று தரப்புக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாகக் கனவு காணச் சொல்வார்கள், கடுமையாக உழைக்கச் சொல்வார்கள். கனவிலும் உழைப்பிலும் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அதனால் நான் அதைப் பேசப்போவதில்லை. தேதிகளைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் பேசப்போகிறேன். கேட்கச் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதி இன்றைக்கு அந்தத் தேதிகளுக்குள்ளும் காகிதங்களுக்குள்ளும்தான் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்தாம் வகுப்பில் 410 மதிப்பெண் வாங்கிய பிள்ளை. முதல் வீட்டில் பெரியப்பா இன்ஜினியர், சித்தி வங்கியில் வேலை, மாமா மகன் டெல்லியில் படிக்கிறான். அங்கே யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. சாப்பிடும்போது நடக்கும் பேச்சிலேயே திட்டம் உருவாகிவிடுகிறது. எந்தக் குரூப் எடுக்க வேண்டும், எந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், எந்தக் கல்லூரியில் எந்தத் துறை பெயருக்கு மட்டும்தான் இருக்கிறது என்பதெல்லாம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. இரண்டாவது வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆளே அந்தப் பிள்ளைதான். அங்கே ஆலோசகர் யார்? பிரவுசிங் சென்டர்க்காரர். ஊரில் சுற்றும் காலேஜ் புரோக்கர். இரண்டு வீட்டுக்கும் மூளையில் வித்தியாசம் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுக்குத் தகவல் வந்து சேர்ந்திருக்கிறது, இன்னொரு வீட்டுக்கு வரவிடாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் பிறகு "தகுதி" என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

சிங்காநல்லூருக்கும் ஒரு காலத்தில் ஒரு திட்டம் இருந்தது. மில். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி மில்கள் பெருகின. மில்லில் நிரந்தர வேலை என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ். பையன் பத்தாவது முடித்தால் அப்பா மேஸ்திரியிடம் சொல்லி வைப்பார். அந்த ஏற்பாட்டிலும் எந்த வேலைக்கு எந்தச் சாதி என்ற கணக்கு இருந்தது, அது வேறு கதை. ஆனால் அந்த வழியே இப்போது இல்லை. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 ஊரடங்கில் நிறுத்தப்பட்டபின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மில் தொழிலாளர்களுக்காக வந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனை மட்டும் இங்கே நிற்கிறது. அதே வளாகத்தில் 2016இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. தாத்தா சம்பளத்தில் பிடித்த காசில் எழுந்த மருத்துவமனை. அந்த வளாகத்துக்குள் பேத்தி நோயாளியாக, துப்புரவுப் பணியாளராக மட்டும்தான் நுழைய வேண்டுமா, வெள்ளைக் கோட்டுப் போட்டும் நுழைய முடியுமா? அது அவள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரும் நாளில் முடிவாகும் விஷயம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

எங்கே முடிவாகிறது? முதல் இடம், பதினோராம் வகுப்பில் குரூப் கொடுக்கும் நாள்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் பெற்றோரின் தொழிலில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அம்பலப்படுத்தினார். ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் நம் பொள்ளாச்சிக்காரரான சி.சுப்பிரமணியம். அன்றைக்கு அதைச் செய்ய ஓர் அரசாணை தேவைப்பட்டது. இன்றைக்கு ஆணை தேவையில்லை, ஓர் ஆலோசனை போதும்.

எனக்குக் கிடைத்த ஆலோசனையைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் முதல் குரூப் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிய ஆசிரியர் மதிப்பெண் கட்டத்தைப் பார்க்கவில்லை, "தந்தையின் தொழில்" என்ற கட்டத்தைப் பார்த்தார். "அப்பாவுக்கு ஒத்தாசையா சீக்கிரம் சம்பாதிக்கற படிப்பாப் பாரு சாமி, உனக்கெதுக்கு இந்தக் கணக்கெல்லாம்" என்றார். திட்டவில்லை, விரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் பேச வாய் வரவில்லை. என் அக்கா மட்டும் அந்த அறை வாசலை விட்டு நகராமல் நின்றாள். "மார்க் இருக்குதுங்க சார், குடுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குரூப் கிடைத்தது.

இது என் ஒருவர் கதை இல்லை என்பது பின்வரிசையில் தலையாட்டும் அம்மாக்களைப் பார்த்தாலே தெரிகிறது. பள்ளிகளுக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். அந்தக் கணக்கில் "இவன் தேறமாட்டான்" என்று யாரை முதலில் நினைக்கிறார்களோ, அவர்களைக் கீழ்க் குரூப்புக்குத் தள்ளுகிறார்கள், அல்லது டி.சி. கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்கள். யார் தேறமாட்டான் என்ற எண்ணம் வானத்திலிருந்து வருவதில்லை.

அதனால் தம்பி தங்கைகளே, குரூப் என்றால் என்ன கதவு திறக்கும், என்ன கதவு மூடும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் ஏறக்குறைய மூடிவிடும். உயிரியல் இல்லையென்றால் மருத்துவம் மூடிவிடும். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் இரண்டையும் திறந்து வைக்கும், ஆனால் சுமை அதிகம். வணிகவியல் என்பது இரண்டாம் தரம் அல்ல. பி.காம்., சி.ஏ., வங்கித் தேர்வு எல்லாம் அந்தப் பக்கம்தான். சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். தொழிற்கல்விப் பிரிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் மனம் விட வேண்டாம், பொறியியல் கலந்தாய்வில் உங்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. படித்தவர்களும் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. எந்தக் குரூப்பும் கேவலமில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்து எடுத்ததா, உங்கள் தலையில் கட்டியதா என்பதுதான் கேள்வி. விரும்பிய குரூப் உங்கள் பள்ளியில் இல்லையென்றால், அது இருக்கும் இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாறுங்கள்.

"அரசுப் பள்ளிக்கு" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது முடிச்சு அதுதான்.

நீட் வந்தபின் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அரியலூர் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 1200க்கு 1176 வாங்கியவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அதற்குப்பின் எழுந்த போராட்டங்களின் விளைவாக 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் தனியார் பள்ளி அடங்காது.

நம் பகுதியில் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளி. நல்ல மார்க் வந்ததும் "பிள்ளை நல்லாப் படிக்குது" என்று நகையை அடகு வைத்து +1க்குத் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் டி.சி. வாங்கிய அன்றைக்கே 7.5 சதவீதம் போய்விட்டது. கூடவே அந்தக் கட்டணச் சலுகையும் போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்டு மாற்றினால் அது உங்கள் முடிவு. தெரியாமல் மாற்றினால் அது பறிகொடுத்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பேச்சு வீட்டில் நடக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, சான்றிதழ். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு இனிஷியல், வங்கியில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப்போகவில்லையென்றால் உதவித்தொகை எங்கேயோ தொங்கும். இப்போது ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் நேரடியாக வருகிறது. ஜூன் மாதம் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று இதைச் சரிசெய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் சரிசெய்துவிடலாம்.

அருந்ததியர் தோழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் வந்த சட்டம், பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதத்தை அருந்ததியருக்கு முன்னுரிமையாகக் கொடுத்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. கொங்குப் பகுதித் தெருக்களில் நடந்த நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அப்படி வாங்கிய உரிமை, ஆன்லைன் விண்ணப்பத்தில் எஸ்.சி.ஏ. என்று அழுத்த வேண்டிய இடத்தில் யாரோ எஸ்.சி. என்று அழுத்தியதால் போகக்கூடாது. சட்டம் ஏழு சாதிப் பெயர்களை இந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறது. உங்கள் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது, எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டிருக்கிறது என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, எல்லாருக்கும். மாநிலத்தில் 69 சதவீதம் இடஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அது "மற்றவர்களுக்கு" ஒதுக்கிய இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. அது எல்லாருக்கும் உரியது. நம் பிள்ளைகள் அந்த 31க்குள்ளும் போக வேண்டும்.

நான்காவது, +1. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் +1க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளை மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் "இந்த வருசம் பரீட்சை இல்லை" என்று +1 புத்தகத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் +1 பாடம் இருக்கிறது. பொறியியல் முதலாமாண்டுக் கணக்கும் இயற்பியலும் +1 அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகள் அரியர் வைப்பதற்கும் பாதியில் நின்றுபோவதற்கும் ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை. பணம் இருக்கும் வீட்டில் இதற்கு டியூஷன் உண்டு. நமக்கு இந்தப் படிப்பகம்தான் உண்டு.

ஐந்தாவது, நாட்காட்டி. +2 தேர்வு மார்ச்சில், முடிவு மே மாதத்தில். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். மே மாதம் பார்க்கும்போது என்னென்ன முடிந்திருக்கும்? தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு வழக்கமாக முந்தைய டிசம்பரிலேயே நடந்து முடிந்திருக்கும். ஜே.இ.இ. முதல் கட்டம் ஜனவரியில் முடிந்திருக்கும், அதற்கு விண்ணப்பம் அதற்கும் முன்பே. நீட் விண்ணப்பம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் விண்ணப்பம் எல்லாம் அதற்குள் திறந்து மூடியிருக்கும். இப்படி நுழைவுத் தேர்வுக்கு மேல் நுழைவுத் தேர்வு வைப்பது அநீதி என்று நாம் சொல்கிறோம். தமிழ்நாடு 1984இல் கொண்டுவந்த பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வை 2006இல் இயற்றிய சட்டத்தின் மூலம் ஒழித்தது நம் வரலாறு. அந்தச் சண்டை தொடர வேண்டும். ஆனால் சண்டை முடியும்வரை நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் இருந்தால், அந்த இடங்களில் யார் உட்காருவார்கள்? ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. இதை அறிந்த வீடு நம் தெருவில் எத்தனை?

ஆறாவது, பணம். இதில்தான் நம் வீடுகள் அதிகம் ஏமாறுகின்றன. ரிசல்ட் வந்த அன்று மாலையே போன் வரும். "அம்மா, உங்க பையனுக்கு சீட் ரெடிங்க, பஸ் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ, எஸ்.சி.ன்னா ஃபீஸே இல்லீங்க, டி.சி.யும் மார்க் ஷீட்டும் மட்டும் குடுத்துருங்க." ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கலந்தாய்வுக்குப் போக வழியே இல்லை.

உண்மை என்ன? தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை 2012இல் வெளியிட்ட 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. பிறகு 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அது சுருக்கப்பட்டது. 2018இல் ஒன்றிய அரசின் நெறிமுறையும் நிர்வாக ஒதுக்கீட்டை உதவித்தொகையிலிருந்து விலக்கியது. ஆக, அரசுக் கலந்தாய்வு வழியாகப் போனால் அதே கல்லூரியில், அதே வகுப்பில், அரசு பணம் கட்டும். புரோக்கர் வழியாகப் போனால் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். எனவே ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே கதைதான். ஒரே வளாகம், ஒரே பி.காம்., ஒரு பிரிவு அரசு உதவி பெறுவது, மற்றொன்று சுயநிதி. கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். "எய்டடா, செல்ஃப் பைனான்ஸா" என்று கேட்கத் தெரிந்தவர் குறைந்த கட்டணத்தில் சேர்கிறார். இன்னொரு பக்கம் 1852இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு பொறியியல் கல்லூரி ஜி.சி.டி., அரசு சட்டக் கல்லூரி, வேளாண் பல்கலைக்கழகம், 2020இல் புலியகுளத்தில் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. சிங்காநல்லூரிலிருந்து ஒரு பஸ், இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். தனியார் கல்லூரி விளம்பரப் பலகைகள் மறைக்கும் கட்டடங்கள் இவை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது அரசையும் கேட்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். மாதக் கணக்கில் 21 ஆயிரத்துக்கும் கீழே. மாநகராட்சியில் பல வருடம் ஒப்பந்தத்தில் உழைத்து ஒருவழியாக நிரந்தரமான தூய்மைப் பணியாளர் ஒருவரின் சம்பளம் அதைத் தாண்டினால், அவர் மகளுக்கு உதவித்தொகை இல்லை. அதே ஒன்றிய அரசு, உயர்சாதிகளில் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று 10 சதவீத இடஒதுக்கீடு கொடுப்பதற்கு வைத்திருக்கும் வரம்பு 8 லட்சம். சாக்கடையில் இறங்குபவர் இரண்டரை லட்சத்தில் வசதியானவர் ஆகிவிடுகிறார், இன்னொருவர் எட்டு லட்சம்வரை ஏழை. இந்தக் கணக்கை நாம் ஒவ்வொரு மேடையிலும் கேட்க வேண்டும்.

ஏழாவது, பெண்பிள்ளைகள். இந்த மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுத்த வரலாறு இருக்கிறது. பெயர்கள் மாறின. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் சமயத்தில் தரகர்கள் வருவது நிற்கவில்லை. அதோடு இன்னொரு பயமும் இருக்கிறது. ஓமலூர் கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி, 2015இல் கொல்லப்பட்டார். உடுமலை சங்கர் பொறியியல் மாணவர், 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டார். கல்லூரியில் வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசியதைப் பொறுக்க முடியாதவர்கள் செய்த கொலைகள். அந்தப் பயம் எல்லா வீடுகளுக்குள்ளும் போயிருக்கிறது. "தூரமாப் போய்ப் படிக்க வேண்டாங்கண்ணு" என்று அம்மா சொல்லும்போது அதற்குள் அந்த ரத்தமும் இருக்கிறது. அம்மாக்களே, உங்கள் பயத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதால் கொலைகாரர்களுக்குத்தான் வெற்றி. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை வருகிறது, 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் அதைத் தொடங்கினார்கள். தூரமாகப் படிக்க வேண்டியிருந்தால் அரசு விடுதி இருக்கிறது. விடுதி நன்றாக இல்லையென்றால் அதை நன்றாக்கப் போராடுவோம். படிப்பை நிறுத்த வேண்டாம்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "படிச்சா மட்டும் வேலை கிடைச்சிருதுங்களா?" நியாயமான கேள்வி. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது சுமார் 7000 பேர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் முடித்தவர்களும் பட்டதாரிகளும் அதில் இருந்தார்கள். "சாதி பார்க்காமல் வந்தார்கள்" என்று அதைச் சிலர் பெருமையாகப் பேசினார்கள். அது வேலையில்லாத் திண்டாட்டத்தின் அளவு. அதே சமயம் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. எல்லாப் பட்டமும் ஒன்றல்ல. கடன் வாங்கி, ஆய்வகம் இல்லாத கல்லூரியில், யாரோ தேர்ந்தெடுத்த துறையில் வாங்கும் பட்டம் ஒன்று. தெரிந்து தேர்ந்தெடுத்து, கடனில்லாமல், நல்ல நூலகமும் நல்ல ஆசிரியரும் உள்ள இடத்தில் வாங்கும் பட்டம் வேறு. முதலாவதை நமக்கு விற்றுவிட்டு, "பார், இவர்கள் படித்தும் பயனில்லை" என்று சொல்வது பழைய தந்திரம். ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில்: படித்தால் வேலை உறுதி என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்ன படிப்பது, எங்கே படிப்பது என்பதை இன்னொருவர் முடிவுசெய்தால் நஷ்டம் உறுதி.

இனி, சுவரோரம் நிற்கும் தோழர்களுக்கு. தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 என்று 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. இது திராவிட இயக்கமும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் சேர்ந்து வாங்கியது. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே கூட்டிப்போவது வேறு. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க, வெளிநாடு சென்று படிக்க, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். பள்ளி திறந்தால் போதும் என்று அவர் நிறுத்தவில்லை. எந்தப் படிப்பு, எவ்வளவு பணம் என்று எழுதிக் கேட்டார். 1944இல் தொடங்கிய உதவித்தொகைதான் இன்றுவரை நம் பிள்ளைகள் வாங்குவது. ஒரு சமூகத்தின் சார்பில் திட்டமிடுவது என்றால் அதுதான்.

நாம் இவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. நம் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். கோடையில் சான்றிதழ்களைச் சரிபார்ப்போம். குரூப் கொடுக்கும் வாரத்தில் பெற்றோருடன் ஒருவர் பள்ளிக்குப் போய் நிற்போம். அடுத்த வருடத் தேர்வுத் தேதிகளைப் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுவோம். விண்ணப்பங்களைப் பிரவுசிங் சென்டரில் விடாமல் இங்கேயே நம் லேப்டாப்பில் போடுவோம், கல்லூரி விருப்பப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம். சேர்ந்த பிறகும் முதல் செமஸ்டர் முடியும்வரை மாதம் ஒருமுறை போன் செய்வோம். உயர்சாதி வீட்டுப் பெரியப்பாவும் சித்தியும் சாப்பாட்டு நேரத்தில் செய்யும் வேலையை நம் தெருவில் இயக்கம் செய்ய வேண்டும். சாதி ஒழிப்பு என்று நாம் பேசுவதில் இதுவும் ஒரு வேலை. போஸ்டர் ஒட்டும் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

வாசலில் மேசை மேல் நோட்டு இருக்கிறது. தம்பி தங்கைகள் பெயர், வகுப்பு, பள்ளி எழுதிவிட்டுப் போங்கள். அம்மாக்கள் நாளை மறுநாள் வரும்போது பிள்ளையின் சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள், பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். குரூப் வாங்கப் போகும் அன்று தனியாகப் போக வேண்டாம். எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.